உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

“நாள்பூரா மாடா ஒழைக்கிறேன், எனக்கு எதுக்கு சார் வாக்கிங்கு?”

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களில் எந்த மருத்துவ முகாமுக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். பி.பி. பார்த்த டாக்டர், “தினமும் அரை மணி நேரம் நடங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடும். கேட்பவர் சாக்குச் சொல்லவில்லை. தோல்ஷாப்பில் ஈரப் பகுதி வேலை என்பது உடம்பை முறிக்கிற வேலை. உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, மெஷினில் கொடுத்துச் சதையைச் சீவி, கடைசியில் ஆள் உயரத்துக்கும் மேலான மர டிரம்முக்குள் ஏற்ற வேண்டும். தண்ணீர் குடித்த மாட்டுத்தோல் ஒன்றே இருபது கிலோவைத் தாண்டும். வழவழவென்று வழுக்கும், பிடிக்கத் தோதாக ஒன்றும் இருக்காது. இரண்டு பேர் குனிந்து, மூச்சைப் பிடித்து, ஒரே வீச்சில் டிரம்மின் வாய்க்குள் எறிவார்கள். அடுத்த தோல். அதற்கடுத்த தோல். ஷிப்ட் முடியும்வரை இதுதான்.

இப்படி உழைக்கிற மனிதனிடம் போய் “உடம்பை அசையுங்கள்” என்றால் கோபம் வரத்தான் செய்யும். உழைக்கிற உடம்புக்கு நோய் வராது, முதுமையில் வரும் மறதியெல்லாம் உட்கார்ந்து தின்றவர்களுக்குத்தான் என்ற நம்பிக்கையும் அந்தக் கோபத்துக்குத் துணை நிற்கிறது. உடற்பயிற்சி மூளைக்கு நல்லது என்று சொல்லப்படுகிற அத்தனையையும் இந்த ஒரு கேள்வியின் முன்னால் நிறுத்திச் சோதித்தாக வேண்டும். அசைவு மூளைக்கு மருந்து என்றால், நாள்முழுக்க அசைகிறவரின் மூளையல்லவா ஊரிலேயே நலமாக இருக்க வேண்டும்?

உழைக்கிற ஊரில் மறதிநோய் குறைவு என்பதற்கு ஒரு காலத்தில் எண்ணிக்கையே சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியம் கிடைத்த இடமும் வேலூர்தான். அப்போது உலகில் டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் வாழ்ந்தார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இல்லை. இந்தக் கணக்கையே பெயராகச் சூட்டிக்கொண்ட ‘10/66’ என்னும் பன்னாட்டு ஆய்வுக்குழு 65 வயதைக் கடந்தவர்களை வீடு வீடாகத் தேடிப் போனது. இந்தியாவில் நகரத்துக்குச் சென்னையும் கிராமத்துக்கு வேலூரும் தேர்வாயின. வேலூர்ப் பகுதியை கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப்பின் குழு கவனித்தது. முடிவுகள் 2008-ல் ‘லான்செட்’ இதழில் வந்தன. அமெரிக்க மனநலச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-4 அளவுகோலால் அளந்தபோது கியூபாவில் முதியவர்களில் 6.3 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. இந்தியக் கிராமத்தில் 0.3 சதவீதம். ஆயிரத்துக்கு மூன்று பேர்!

இந்த எண்ணைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஆய்வாளர்கள் அப்படிப் போகவில்லை. டி.எஸ்.எம். அளவுகோலின்படி ஒருவருக்கு டிமென்ஷியா என்று சொல்ல, அவருடைய அன்றாட வேலை கெட்டிருக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொல்ல வேண்டும். நம் கிராமத்து வீட்டில் நடப்பது வேறு. அறுபதைத் தாண்டியதும் அடுப்பு மருமகள் கைக்குப் போய்விடுகிறது, காசுக் கணக்கு மகன் கைக்குப் போய்விடுகிறது. பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் யாரும் எந்த வேலையையும் எதிர்பார்ப்பதில்லை. அவள் அதே கேள்வியை நான்கு முறை கேட்டால், “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறார்கள். வேலையே இல்லாதவளின் வேலை கெட்டுப்போனதை யார் கவனிப்பார்? படிப்பையும் பண்பாட்டையும் கணக்கில் கொண்டு அந்தக் குழு உருவாக்கிய வேறொரு முறையில் அளந்தபோது, எல்லா ஊர்களின் எண்களும் 5.6 சதவீதத்துக்கும் 11.7 சதவீதத்துக்கும் இடையில் வந்து நின்றன. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒருவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி அவர் நினைவாற்றலை அளக்க முடியாது என்பதால், சி.எம்.சி.யில் வேலூருக்கென்றே டிமென்ஷியா கண்டறியும் கேள்வித்தாள்களையும் வகுத்து 2009-ல் வெளியிட்டார்கள்.

ஆக, உழைக்கிற ஊரிலும் மறதிநோய் இருந்தது. நாம்தான் பார்க்கவில்லை.

உழைப்பு மூளையைக் காக்கிறதா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடியவர்கள் வட ஐரோப்பியர்கள். 1970-களின் தொடக்கத்தில் கோபன்ஹேகனில் வேலை பார்த்த ஆண்களிடம், உங்கள் வேலை உட்கார்ந்து செய்வதா, உடல் வருந்தச் செய்வதா என்று கேட்டு எழுதிவைத்திருந்தார்கள். அவர்களில் 4,721 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவு 2020-ல் வெளியானது. கடும் உடலுழைப்பில் இருந்தவர்களுக்கு, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட டிமென்ஷியா அபாயம் 55 சதவீதம் அதிகம். 2023-ல் நார்வேயிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 7,005 பேரின் 33 முதல் 65 வயது வரையான வேலை வரலாற்றை எடுத்துப் பார்த்தார்கள். படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், ஆயுள் முழுக்க உடலுழைப்பில் இருந்தவர்களுக்கே முதுமையில் நினைவுக் குறைபாடு கூடுதலாக இருந்தது.

டென்மார்க்கின் சதவீதத்தை அப்படியே ஆம்பூருக்குத் தூக்கி வர முடியாது. ஏழ்மை, சத்துக் குறைவு, தூக்கக் குறைவு, புகை, மது என்று உடலுழைப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறவை நிறைய உண்டு. அவற்றில் எது எவ்வளவு என்று முழுக்கப் பிரித்தெடுப்பது கடினம். ஆனால் உழைப்பே போதும், தனியாகப் பயிற்சி வேண்டாம் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வுகள் எந்த ஆதரவும் தரவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காரணம் என்ன? டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். உடற்பயிற்சி என்பது இதயத்தைக் கொஞ்ச நேரம் வேகமாக ஓடவிட்டுப் பிறகு ஓய்வு கொடுப்பது. அந்த ஓய்வில்தான் இதயமும் ரத்தக்குழாய்களும் வலுப்பெறுகின்றன. தொழிற்சாலை உழைப்பு இதற்கு நேர்மாறு. இதயத்தைப் பழக்கும் அளவுக்கு வேகம் இராது, ஆனால் எட்டு மணி நேரம் நீளும். இடையில் மீளும் நேரம் போதாது. வேகத்தை முடிவு செய்வதும் தொழிலாளி இல்லை. டிரம்மும் சூப்பர்வைசரும் முடிவு செய்கிறார்கள்.

மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்கும்போது உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள். இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களை நெரிக்கிறது. ரத்த அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. ஜிம்மில் பளு தூக்குகிறவருக்கும் இதே நடக்கிறது. ஆனால் அவர் சில விநாடிகள் தூக்கி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, அடுத்த நாள் வேறு தசைக்கு வேலை கொடுக்கிறார். தோல் ஏற்றுகிறவருக்கு அந்த எகிறல் ஒரு நாளில் எத்தனை முறை, ஒரு ஆயுளில் எத்தனை முறை? மூளையின் ஆழத்தில் மயிரிழை போன்ற ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. நடுவயதில் தொடங்கிக் கவனிக்கப்படாமல் நீடிக்கிற உயர் ரத்த அழுத்தம் முதலில் சிதைப்பது அவற்றைத்தான். வலி தெரியாது. வருஷக்கணக்கில் சிறுசிறு அடைப்புகளாகச் சேர்ந்து, யோசனை மெதுவாவது, நடை தளர்வது என்று பின்னால் வெளிப்படும்.

பயிற்சி செய்வது வேறு வேலை. மூச்சு வாங்க நடக்கும்போது கால் தசைகள் லாக்டேட் என்னும் பொருளை ரத்தத்தில் விடுகின்றன. ஒரு காலத்தில் வெறும் கழிவு என்று நினைத்த இந்த லாக்டேட், மூளைக்குப் போய் அங்கே பி.டி.என்.எஃப். என்ற புரதம் சுரக்கத் தூண்டுகிறது என்று எலிகளில் 2019-ல் காட்டினார்கள். இந்தப் புரதத்தை 1982-ல் ஈவ்-அலேன் பார்டும் ஹான்ஸ் தோனனும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நரம்பணுக்கள் சாகாமல் இருக்கவும், ஒன்றோடொன்று புது இணைப்புகளைப் போட்டுக்கொள்ளவும் இது தேவை. சக்கரத்தில் ஓடிய எலிகளின் ஹிப்போகாம்பஸில் இது கூடுகிறது என்று 1995-ல் தெரிந்தது. நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள், சாவியை எங்கே வைத்தோம் என்பதையெல்லாம் முதலில் பதிந்துவைக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ். அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கைவைக்கிற இடங்களில் ஒன்றும் இதுதான்.

மனிதரிடம் இதைச் சோதித்த ஆய்வுகளில் புகழ்பெற்றது அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழு 2011-ல் வெளியிட்டது. 55 முதல் 80 வயது வரையான 120 பேர். பாதிப் பேர் ஓராண்டு, வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் நடந்தார்கள். மற்றவர்கள் உடம்பை நீட்டி மடக்கும் லேசான பயிற்சி செய்தார்கள். ஆண்டு முடிவில் நீட்டி மடக்கியவர்களின் ஹிப்போகாம்பஸ் வயதுக்கேற்ப 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுக்கு 2 சதவீதம் பெருத்திருந்தது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு இனிப்பான முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2015-ல் வெளியான ‘லைஃப்’ ஆய்வில் 70 முதல் 89 வயது வரையான 1,635 பேர் பங்கேற்றார்கள். இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பிறகும், உடல்நலப் பாடம் மட்டும் கேட்டவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களின் நினைவாற்றல் மேம்படவில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து நான் புரிந்துகொள்வது, எழுபத்தைந்தில் தொடங்குவதைவிட நாற்பதில் தொடங்குவது மேல் என்பதுதான். பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களிலும் மணலைத் தோண்டினால் ஊற்று கிடைத்தது, மழைக்காலத்தில் இறங்கிய நீர் அது. மூளைக்கும் அப்படியொரு இருப்பு உண்டு. அது நடுவயதில் சேர்வது.

வேலூருக்கு மூளையைப் பற்றிச் சொல்ல இன்னொரு கதையும் இருக்கிறது, அதுவும் அசைவைப் பற்றியதே. 1949-ல் ஜேக்கப் சாண்டி சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கிய அதே காலத்தில், பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்துகொண்டிருந்தார். கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் பறவையின் கால்நகம் போல மடங்கிவிட்டவர்களுக்கு, மணிக்கட்டை நிமிர்த்தும் தசை ஒன்றின் தசைநாரை எடுத்து, நீட்டி, நான்காகப் பிரித்து நான்கு விரல்களோடு இணைப்பார். பிறகு மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் கை தானாக வேலை செய்யாது. இதுவரை மணிக்கட்டைத் தூக்கிக்கொண்டிருந்த தசை இனி விரல்களை அடிமூட்டில் மடக்க வேண்டும் என்பது நோயாளியின் மூளைக்குத் தெரியாதே. பிசியோதெரபிஸ்ட் எதிரே உட்கார்ந்து “மணிக்கட்டைத் தூக்கு” என்பார். நோயாளி தூக்க முயல்வார், விரல் அசையும். மறுபடி, மறுபடி. நாள்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பழகி, ஒரு கட்டத்தில் மணிக்கட்டை நினைக்காமலே விரலை மடக்குவார். மூளை வளர்ந்த பின் மாறாது என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இந்தக் கை அறுவைகளைச் செய்தவர். அவர் முயற்சியில்தான் 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது.

கவனம் வைத்துக் கற்கிற புது அசைவுக்கும், இருபது வருஷமாகக் கை தானாகச் செய்கிற அசைவுக்கும் மூளையில் நடப்பது ஒன்றல்ல. சதை சீவும் மெஷினில் தோலைக் கொடுக்கிறவர் முதல் ஆறு மாதம் மூளையால் வேலை செய்தார். அதன் பிறகு அது பழக்கத்தின் பாதையில் ஓடுகிறது, மூளையின் முன்பகுதிக்கு அங்கே அதிக வேலையில்லை. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் முதியவர்களுக்கு அடிக்கடி அடவுகளை மாற்றி நடனம் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு வழக்கமான உடற்பயிற்சி. ஒன்றரை ஆண்டு கழித்து இரண்டு குழுவுக்கும் ஹிப்போகாம்பஸ் பெருத்திருந்தது, உடல் சமநிலை மேம்பட்டது நடனமாடியவர்களுக்குத்தான். சிலம்பம், கும்மி, இறகுப்பந்து, எதுவானாலும் அடுத்த அசைவை யோசிக்க வைப்பதாக இருந்தால் நல்லது.

பளு தூக்குவதே மூளைக்குக் கெடுதல் என்று இதையெல்லாம் படித்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர்களின் ஊர். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் அந்த ஊர்க்காரர். 2018-லும் தங்கம் வாங்கினார். கனடாவின் வான்கூவரில் தெரசா லியூ-ஆம்ப்ரோஸ், 65 முதல் 75 வயது வரையான 155 பெண்களுக்கு ஓராண்டு பயிற்சி கொடுத்துப் பார்த்து 2010-ல் முடிவை வெளியிட்டார். வாரம் ஒருமுறையோ இருமுறையோ எடை தூக்கியவர்கள் கவனச் சோதனையில் முன்னேறியிருந்தார்கள். சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சடித்துக் கொடுத்து, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் சோதனை அது. வாரத்துக்கு ஒருமுறை போதுமானதாக இருந்தது என்பதை மறுபடியும் படியுங்கள். எடை ஒன்றுதான். அளவும் ஓய்வும்தான் வேறுபடுத்துகின்றன.

அப்படியானால் தோல் ஏற்றுகிறவர் என்ன செய்வது? வேலை நாளில் அவருக்கு முதல் தேவை நல்ல தூக்கமும் கட்டுக்குள் இருக்கும் பி.பி.யும்தான். பாரத்தைத் தூக்கும் கணத்தில் மூச்சைப் பிடிக்காமல் விடப் பழகினால் அழுத்தம் எகிறுவது குறையும். விடுமுறை நாளிலும் வேலை லேசான நாளிலும் கையை வீசி வேகமாக நடப்பதோ சைக்கிள் மிதிப்பதோ இதயத்துக்கு அவர் வேலை தராத பயிற்சியைத் தரும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகத்துக்கு அளவு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை 2020-ல் எடுத்துவிட்டது. ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும்.

ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களின் நிலை வேறு. தையல் வரிசையில் அவர்கள் நாள்முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஷூவின் மேல்பாகம் ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்கு நகர்கிறது, கண்ணும் விரலும் ஓயாமல் ஓடுகின்றன, கால் பெடலை விட்டு நகர்வதில்லை. கம்பெனி வேன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுவதால் முன்பு நடந்த நடையும் போயிற்று. விடிவதற்குள் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருகிறவளுக்கு நடக்க நேரம் எங்கே என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களோடு சேர்ந்து நடக்க அவளுக்கு ஊரும் வேறு, நேரமும் வேறு. 2023-ல் அரசு மாவட்டந்தோறும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது நல்ல காரியம்தான். ஆனால் அவளுக்கான நடைபாதை கம்பெனி காம்பவுண்டுக்குள் இருக்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. சாப்பிட்டது போக அந்த அரை மணியில் பத்து நிமிடம் நிழலில் நடக்க ஒரு பாதை போடுவது பெரிய செலவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024-ல் ‘லான்செட்’ ஆணையம், டிமென்ஷியாவில் 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வழியிருக்கிறது என்று 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடல் அசைவின்மைக்கு அதில் கிடைத்த பங்கு 2 சதவீதம்தான். பயிற்சியால் கட்டுப்படும் ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல்பருமன், மனச்சோர்வு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பங்கு உண்டு என்பதால் அதன் உண்மையான கை இன்னும் நீளமானது. ஆனாலும் காது கேளாமைக்கு 7 சதவீதம், சிறுவயதில் படிப்பு இல்லாததற்கு 5 சதவீதம் என்று அந்தப் பட்டியல் சொல்வது தோல் ஊர்களுக்கு நேராகச் சொன்னது போல் இருக்கிறது. டிரம்மும் கம்ப்ரஸரும் போடும் இரைச்சலில் காலம் தள்ளுகிறவரின் காதையும், பசையின் நெடியைச் சுவாசித்தபடி சோல் ஒட்டுகிறவரின் நரம்புகளையும் எந்த நடைப்பயிற்சியும் காப்பாற்றாது. அதற்குக் காது அடைப்பானும் காற்றை வெளியேற்றும் விசிறியும் வேண்டும். அவற்றைத் தர வேண்டியவர் முதலாளி.

‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று 2024-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வேலையிடத்துக்கே வந்து பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அங்கே உட்காரும் நர்ஸ் அந்த இரண்டு எண்ணோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வாரத்தில் எத்தனை நாள் மூச்சு வாங்க நடக்கிறீர்கள்? வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறீர்கள் என்று யாராவது குறை சொல்கிறார்களா? நாற்பது வயதுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.